இரவுநோக்கியில் வரப்பும் வேலியும் ஒருசேரத் தெளிய முன்னால் என்ன மாட்டலாம்?

களக்காட்டு வாழை:
அண்ணாச்சிமாரே, கருவி ஒற்றைக்கண்ணு, ஒளியைப் பெருக்கிக் காட்டுத ஜென் 2+ (ரெண்டாந் தலைமுறை) டியூப். முன்லென்ஸ் 27 மி.மீ., எஃப் 1.2, பார்வைப் புலம் 40 டிகிரி, அமெரிக்க ராணுவத்து பிவிஎஸ்-14 கருவியோட அமைப்புதான். தோட்டம் மலையடிவாரம். வேலி சுமார் 40 மீட்டர் தள்ளி, அங்க பன்னி இறங்குதான்னு பாக்கணும். நடக்கது வாய்க்கா வரப்பு மேல, அதனால ரெண்டு மூணு மீட்டருக்குள்ள கால்ல என்ன படுதுன்னும் தெரியணும். வேலிக்கு வச்சா வரப்பு கலங்குது, வரப்புக்கு வச்சா வேலி கலங்குது. ரிங்கைத் திருகிக்கிட்டே நடக்க முடியல. ஓட்டை மூடி, குளோசப் லென்ஸ், பாதி லென்ஸ்னு பல சாமான் விக்கான். எது உருப்படி?

தேரிமணல்:
எதையும் வாங்குததுக்கு முந்தி, இப்ப இருக்க ஃபோகஸ் சரியான்னு பாரும். பாதிப் பேருக்குக் குறை அங்கதான்.

முதல்ல கண் பக்கத்து ரிங். அதுக்கும் வெளியில இருக்க பொருளுக்கும் சம்பந்தம் கிடையாது. உள்ள இருக்க திரையை உம்ம கண்ணுக்குச் சேர்த்து வைக்கது மட்டுந்தான் அதோட வேலை. இருட்டுல கருவியைப் போட்டு, திரையில மினுங்குத பொடிப் புள்ளிகளைப் பாரும். ரிங்கைப் பிளஸ் பக்கம் கடைசி வரைக்கும் தள்ளிட்டு, மைனஸ் பக்கம் மெதுவாத் திருப்பும். புள்ளி முதல்ல கூர்மையாகுத இடத்துலயே நிறுத்தணும். அதையும் தாண்டிப் போனா கண்ணே முறுக்கிக்கிட்டுச் சரிக்கட்டும், தெளிவாத்தான் தெரியும். அரை மணி நேரத்துல தலைவலி வரும்.

அது முடிஞ்ச பிறகுதான் முன்லென்ஸ். நட்சத்திரம் ஒண்ணைப் பிடிச்சு, அது பொட்டாச் சுருங்குத வரைக்கும் திருகும். தெருவிளக்கைப் பிடிக்காதீரும், ஒளிவட்டம் வந்து ஏமாத்தும்.

இன்னொண்ணு. பகல்ல பாக்கதுக்கு முன்மூடியில ஊசித்துளை இருக்குல்லா, அதை மாட்டிக்கிட்டு ஃபோகஸ் வைக்காதீரும். அந்தத் துளை வழியா எங்க வச்சாலும் தெளிவாத்தான் இருக்கும். ராத்திரி மூடியைக் கழத்தினதும் எல்லாம் கலங்கி நிக்கும்; டியூப் போச்சுன்னு பதறுவீரு.

களக்காட்டு வாழை:
கண் ரிங்கை நீங்க சொன்ன மாதிரியே வச்சுப் பாத்தேன் அண்ணாச்சி. வேலி முன்னைக்கு நல்லாருக்கு. வரப்பு மட்டும் அப்படியேதான் கலங்குது.

கடையம் கண்ணாடி:
கலங்கத்தான் செய்யும் தம்பி. கருவியில் பழுதில்லை, கணக்கே அப்படி. 27 மி.மீ. எஃப் 1.2 என்றால், ஒளி நுழையும் வாய் 27-ஐ 1.2-ஆல் வகுத்த 22.5 மி.மீ. அகலம். டியூப் ஒரு மில்லிமீட்டரில் 64 கோட்டு ஜோடியை (ஒரு கறுப்புக் கோடும் ஒரு வெள்ளைக் கோடும் ஒரு ஜோடி) பிரித்துக் காட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் 64-ல் ஒரு பங்கு மில்லிமீட்டர் வரைக்குமான மங்கல் கண்ணுக்குப் படாது. இந்த அளவில், முழு வாயோடு ஃபோகஸை எட்டாத தூரத்துக்கு (முடிவிலிக்கு) வைத்தால் சுமார் 39 மீட்டருக்கு அப்பால்தான் எல்லாம் கூர்மை. உங்கள் வேலி அந்த எல்லையிலேயே நிற்கிறது. வரப்பு எப்படித் தெரியும்?

வாயைச் சுருக்கினால் அந்த 39 அதே விகிதத்தில் இறங்கும். 27 மி.மீ. லென்ஸுக்கு ஒரு சுருக்குக் கணக்கு: ஓட்டை எத்தனை மில்லிமீட்டரோ அதை 1.7-ஆல் பெருக்கினால் அந்த எல்லை மீட்டரில் வரும். 10 மி.மீ. ஓட்டைக்கு 17 மீட்டர், 6-க்கு 10, 4-க்கு 7, 3-க்கு 5. ஃபோகஸைச் சரியாக அந்த எல்லைத் தூரத்தில் வைத்தால், அதில் பாதியிலிருந்து எட்டாத தூரம் வரைக்கும் தெளியும்.

உங்களுக்கு 40 மீட்டருக்கு மேல் தேவையில்லை என்பதால் இன்னும் கொஞ்சம் கிட்டே இழுக்கலாம். 6 மி.மீ. ஓட்டையில் ஃபோகஸ் 8 மீட்டருக்குச் சற்று மேல், 8.2-க்கு வைத்தால் சுமார் 4.6 மீட்டர் முதல் 40 வரை. 4 மி.மீ. ஓட்டையில் 6 மீட்டருக்கு வைத்தால் 3.2 முதல் 40 வரை. 3.2 போதாது என்று நினைக்க வேண்டாம். கண் தரையில் இல்லையே, ஒன்றரை மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. காலுக்கு முன்னால் 3 மீட்டரில் கிடப்பது கண்ணிலிருந்து சாய்வாக 3.4 மீட்டர்.

3 மி.மீ.க்குக் கீழே போகாதீர்கள். ஓட்டை சின்னதாகும்போது ஒளி அதன் ஓரத்தில் விரிந்து மங்கலைத் தானே உண்டாக்கும். 3 மி.மீ.யிலேயே அந்த விரிவு நாம் மேலே வைத்த மங்கல் அளவைத் தொட்டுவிடுகிறது. 1 மி.மீ. ஓட்டையில் அது மூன்று மடங்கு.

நயினார்குளத்து வக்கா:
கணக்கு சரி. ஆனா வெளிச்சத்தை யாரும் பேசல. ஓட்டையைச் சுருக்கினா ஒளி வர்க்கத்துல குறையும். 10 மி.மீ.ன்னா அஞ்சுல ஒரு பங்கு. 6 மி.மீ.ன்னா பதினாலுல ஒரு பங்கு. 4-க்கு முப்பத்திரண்டுல ஒண்ணு, 3-க்கு அம்பத்தாறுல ஒண்ணு. காசு குடுத்து எஃப் 1.2 லென்ஸ் வாங்கிட்டு அதை எஃப் 7 ஆக்குதோம்.

பௌர்ணமி உச்சியில தரையில விழுகது சுமார் 0.1 லக்ஸ், சில ராத்திரி அதுக்கும் மேல. நிலா இல்லாத தெளிஞ்ச வானத்துல 0.001 லக்ஸ் பக்கம். அப்ப பௌர்ணமியில 4 மி.மீ. போட்டாலும் அமாவாசை வெளிச்சத்தைப் போல மூணு மடங்கு மிச்சம் இருக்கு, படம் ஓடும். அமாவாசையில அதே மூடியைப் போட்டா வெறும் பொரிப் பொரியா மினுக்கந்தான். அதுலயும் இவரு நடக்கது வாழைக்குள்ள. இலைக்கு அடியில நிலாவே இறங்காது. குளத்துக்கரைல நின்னு நாரை பாக்க எனக்குச் சரிப்படும் கணக்கு வாழைத் தோட்டத்துக்குச் சரிப்படாது.

மேகம் மூடுன கார்த்திகை, ஐப்பசி ராத்திரியில மூடியே தொடக் கூடாது. முழு வாயி, இல்லைன்னா ஐ-ஆர் (அகச்சிவப்பு) டார்ச்சு.

கடையம் கண்ணாடி:
ஒப்புக்கொள்கிறேன். நிலா இல்லாவிட்டாலும் வானம் முழு இருட்டு இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். மேல் வளிமண்டலத்து ஹைட்ராக்சில் அகச்சிவப்புப் பக்கம் ஒளிர்கிறது. நட்சத்திர வெளிச்சம் என்று நாம் சொல்வதில் அதுவும் சேர்த்தி. நம்ம கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்து ஆய்வுக்கூடத்தில் படம் எடுப்பதும் இந்த வான்ஒளிர்வைத்தான். ஆனால் ஜென் 2 டியூபின் உணர்திறன் அகச்சிவப்பில் ஜென் 3-ஐவிடக் குறைவு, அதனால் அமாவாசை இரவில் இந்தத் தம்பியின் கருவிக்கு ஓட்டை மூடி கட்டுப்படியாகாது.

பேட்டை லேத்து:
மூடி எப்படிச் செய்யணும்னு யாராவது சொல்லுவாங்கன்னு பாத்தேன். நானே சொல்லுதேன்.

முன்லென்ஸ் உருளையோட வெளிவிட்டத்தை வெர்னியர்ல நாலு இடத்துல அளந்துக்கணும். கறுப்பு டெல்ரின் (கெட்டிப் பிளாஸ்டிக்) தண்டுல வளையம் கடைஞ்சா போதும். சுவர் 2 மி.மீ., உள்விட்டம் உருளையை விட 0.2 மி.மீ. கூடுதல். உள்ள ஒரு வெட்டு போட்டு ஓ-ரிங் உட்காத்தினா இறுக்கமா நிக்கும், குலுக்கினாலும் விழாது. திருகுமரை போடாதீங்க. இருட்டுல மரை பிடிக்காது, பிடிச்சாலும் மூடியைத் திருகும்போது ஃபோகஸ் ரிங்கும் சேந்து திரும்பும். தள்ளி மாட்டுத மாதிரியே இருக்கட்டும்.

ஓட்டைத் தகடு அலுமினியம் 0.3 மி.மீ. நடுப்புள்ளி குத்தி, துளை போட்டு, வெளிப்பக்கம் கவுண்டர்சிங் தொட்டு (துளை வாயைச் சரிவாச் சீவி) விடணும். ஓரம் கத்தி மாதிரி மெலிசா இருந்தாத்தான் உள்சுவர்ல ஒளி பட்டுச் சிதறாது. பிசிறு இருந்தா நட்சத்திரத்துக்கு வால் முளைக்கும். கூல்டிரிங்ஸ் டின் தகடுன்னா மெலிசு, கவுண்டர்சிங்கே வேண்டாம், ஆனா கசங்கிரும். ரெண்டு பக்கமும் பளபளப்பு இல்லாத கறுப்புப் பெயின்ட். தகடு முன்கண்ணாடிக்கு 10 மி.மீ.க்குள்ள இருக்கணும். ரொம்ப முன்னால தள்ளிப் போட்டா 40 டிகிரியோட ஓரங்கள் கறுத்துப் போகும்.

4, 6, 10 மூணு தகடு வெட்டி ஒரே வளையத்துல மாத்திப் போடலாம். இல்லைன்னா கேமரா லென்ஸ்ல கழத்துன ஐரிஸ் இலைக்கூட்டை வளையத்துல ஒட்டிக்கலாம். ஆனா தூசி ஏறினா இலை இறுகும். தகடு எந்தக் காலத்துலயும் மக்கர் பண்ணாது.

தேரிமணல்:
பிளாஸ்டிக்ல செய்யவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. கண்ணுக்குக் கறுப்பா இருக்கது எல்லாம் இந்தக் கருவிக்குக் கறுப்பு இல்ல. சில கறுப்பு அக்ரிலிக், சில முப்பரிமாண அச்சுப் பிளாஸ்டிக் அகச்சிவப்பை அப்படியே விட்டுரும். ஓட்டை போட்டும் ஆழம் கூடலையேன்னு முழிப்பீங்க. பின்னால ஐ-ஆர் டார்ச்சை வச்சுக் கருவியில பாருங்க; தகடு வெளிச்சமாத் தெரிஞ்சா தூக்கிப் போடுங்க. பழைய எக்ஸ்ரே படத்தோட கறுத்த பாகம் வெள்ளிப் படிவு, பெருமளவு தடுக்கும். கழுவுன கலர் ஃபிலிம் சுருளோட கறுப்பு சாயம், அது தடுக்காது.

களக்காட்டு வாழை:
ரொம்ப நன்றி. பேட்டை அண்ணாச்சி, ஒரு சந்தேகம். ஓட்டையே வேண்டாம், மூக்குக்கண்ணாடியில இருக்கே பைஃபோகல், அது மாதிரி கீழ்ப்பாதிக்கு மட்டும் குளோசப் லென்ஸ் ஒட்டினா மேல வேலி, கீழ வரப்புன்னு ரெண்டும் தெரியாதா? ஒளியும் குறையாதே.

கடையம் கண்ணாடி:
தெரியாது. காரணம் சொன்னால் பணம் மிஞ்சும்.

மூக்குக்கண்ணாடி உங்கள் கண்மணிக்கு முன்னால் தள்ளி நிற்கிறது, கண்மணியோ சில மில்லிமீட்டர்தான். அதனால் கீழே பார்க்கும்போது கீழ்ப்பாதி வழியாக மட்டும் பார்க்கிறீர்கள். இங்கே வாய் 22.5 மி.மீ., பாதி லென்ஸ் அதற்கு ஒட்டினாற்போல நிற்கிறது. வேலியிலிருந்து வரும் ஒளியில் பாதி மேல்பக்கமாகவும் பாதி கீழ்ப்பக்கமாகவும் உள்ளே போகும். வரப்புக்கும் அதுவே. ஆக இரண்டு படமும் ஒன்றின்மேல் ஒன்று விழும்: கூர்மையான வேலியின்மேல் கலங்கின வேலி, கூர்மையான வரப்பின்மேல் கலங்கின வரப்பு. வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வேறுபாடு மங்கிச் சாம்பல் பூசினதுபோல் இருக்கும். பிரித்துக் காட்ட வேண்டுமானால் அந்தப் பாதி லென்ஸை 30 மி.மீ.க்கு மேல் முன்னால் தள்ள வேண்டும். அப்போதும் மேல் கீழ் விளிம்புகள் மட்டுமே சுத்தமாகப் பிரியும், நடு முழுக்கக் கலப்படந்தான். நடுவில் ஓட்டை போட்ட குளோசப் லென்ஸுக்கும் இதே கதி.

முழு குளோசப் லென்ஸுக்கு வேறு வேலை உண்டு. முன்லென்ஸ் எட்டாத தூரத்தில் இருக்கும்போது +1 பவர் மாட்டினால் ஃபோகஸ் 1 மீட்டருக்கு வரும், +2-க்கு 50 செ.மீ., +4-க்கு 25 செ.மீ. மோட்டார் பெட்டியைத் திறக்க, பூட்டுத் துளை தேட, நோட்டில் எழுத என்று கைவேலைக்கு ரிங்கைத் தொடாமல் டக்கென்று மாறலாம். நெற்றியில் மாட்டும் கருவியில் கீல் வைத்து மேலே தூக்குவதுபோல் அமைத்தால் இன்னும் வசதி. ஆனால் ஆழம் மிகக் குறைவு: முழு வாயில் 50 செ.மீ. தூரத்தில் மொத்தமே 13 மி.மீ. தான் தெளியும். அதோடு 6 மி.மீ. தகட்டையும் போட்டால் 5 செ.மீ. அளவுக்கு ஏறும். நடப்பதற்கு இது உதவாது.

பேட்டை லேத்து:
இதுக்கெல்லாம் வெளிநாட்டுச் சாமான் தேட வேண்டாம். ஜங்ஷன், பாளை பக்கம் எந்தக் கண்ணாடிக்கடையிலயும் +2 ரீடிங் பவர், சிலிண்டர் (ஒரு திசைக்கு மட்டும் இருக்க பவர்) இல்லாத பிளாஸ்டிக் லென்ஸ் கேளுங்க. வளையத்தோட உள்விட்டம் சொன்னா வட்டமா வெட்டித் தருவாங்க. வெயில்ல கறுக்குத லென்ஸ் மட்டும் வேண்டாம். குழிஞ்ச பக்கம் கருவியைப் பாத்து இருக்கட்டும்.

நயினார்குளத்து வக்கா:
கண்ணாடிக்கடைன்னதும் ஞாபகம் வருது. கண் ரிங் சரிக்கட்டுகது வெறும் பவரை மட்டுந்தான், பிளஸ் 2 முதல் மைனஸ் 6 வரைக்கும். சிலிண்டர் பவர் இருக்கவங்க ரிங்கை எத்தனை தடவை சுத்தினாலும் நட்சத்திரம் கோடாத்தான் தெரியும். அவங்க மூக்குக்கண்ணாடியோடயே பாக்கணும். வீணா முன்லென்ஸைத் திட்டக் கூடாது.

உவரிக் காத்து:
கடல் பக்கத்துக் குறிப்பு ரெண்டு. முன்லென்ஸுக்குக் காப்புக் கண்ணாடி மாட்டாமக் கரைப்பக்கம் போகாதீங்க. உப்புப் படலமும் தேரி மண்ணும் சேந்தா லென்ஸ் பூச்சைத் தின்னுரும். தட்டைக் கண்ணாடி முன்னால நிக்கதால தூரத்து ஃபோகஸ் மாறாது. அதைத் துடைக்கதுக்கு முந்தி ஊதுபந்தால மணலை ஊதித் தள்ளணும், அப்புறம் ஈரத்துணி. உலர்துணியால நேராத் தேய்ச்சா கீறல்தான்.

ரெண்டாவது மார்கழிப் பனி. ஃபோகஸ் போயிருச்சுன்னு ரிங்கைத் திருகுதவங்கள்ல பலருக்கு முன்கண்ணாடி வேர்த்திருக்கும். விரலால தொட்டாத் தெரியும். திறந்த வானத்தைப் பாத்துக்கிட்டே இருக்க கண்ணாடி சூட்டை இழந்து காத்தை விடக் குளுந்துரும், பனி இறங்கும். 10, 15 மி.மீ. நீளத்துக்கு ரப்பர் குழல் ஒண்ணு போட்டா தள்ளிப் போகும். அதைவிட நீளம் போனா படத்தோட ஓரம் மறையும். ஏசி காருல இருந்து இறங்கினதும் கருவியைப் பைக்குள்ளயே கால் மணி நேரம் வச்சிரணும். வீட்டுல காத்துப் புகாத டப்பாவுல சிலிகா ஜெல்லோட வைக்கணும், இல்லைன்னா நம்ம ஊரு ஈரத்துக்கு லென்ஸுக்குள்ள பூஞ்சை பிடிக்கும்.

பாளை சிசிடிவி:
டியூப் கருவி வாங்க வசதி இல்லாதவங்க நிறையப் பேரு கேமரா சென்சார் வச்ச டிஜிட்டல் கருவிதான் வச்சிருக்காங்க. அங்க ஃபோகஸ் குறை வேற மாதிரி.

லென்ஸ் மாட்டுத வாய் ரெண்டு வகை, சி-மவுண்ட், சிஎஸ்-மவுண்ட். சி-மவுண்ட் லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவுல 17.526 மி.மீ. இருக்கணும். சிஎஸ்-க்கு 12.5. வித்தியாசம் 5 மி.மீ. வளையம் ஒண்ணு. சிஎஸ் உடம்புல சி லென்ஸை வளையம் இல்லாம மாட்டினா எந்தத் தூரமும் கூர்மையாகாது. சி உடம்புல சிஎஸ் லென்ஸை மாட்டினா மூக்குக்கிட்ட இருக்கது மட்டும் தெரியும். கடையில "லென்ஸ் கோளாறு"ன்னு திருப்பிக் குடுக்கதுல பாதி இதுதான்.

எம்12 குட்டி லென்ஸ்ல மரை 0.5 மி.மீ.; ஒரு சுத்துக்கு அரை மில்லி நகரும். 8 மி.மீ. லென்ஸை எட்டாத தூரத்துல இருந்து 2 மீட்டருக்குக் கொண்டுவர 0.03 மி.மீ. போதும், அதாவது 23 டிகிரிதான். 16 மி.மீ. லென்ஸுக்கு 90 டிகிரி பக்கம். அதனால மரையில டெஃப்லான் டேப்பு ஒரு சுத்து சுத்திக்கோங்க, தானா நகராது. அகச்சிவப்பைத் தடுக்குத வடிகட்டிச் சில்லை நோண்டி எடுக்கவங்க கவனிக்கணும்: 0.6 மி.மீ. சில்லை எடுத்தா ஃபோகஸ் 0.2 மி.மீ. லென்ஸ் பக்கம் நகரும். லென்ஸை அதே அளவு உள்ள திருகணும், முக்காச் சுத்துல பாதி. உள்ள போக மரை மிச்சம் இல்லைன்னா அதே கனத்துல சாதாக் கண்ணாடிச் சில்லை அங்க ஒட்டுங்க.

பகல்ல ஃபோகஸ் வச்சு ராத்திரி ஐ-ஆர் விளக்குல பாத்தா கலங்குதுன்னா, அந்த லென்ஸ் அகச்சிவப்புக்குத் திருத்தப்படாதது. 850 நானோமீட்டர் ஐ-ஆர் விளக்கைப் போட்டுக்கிட்டு இருட்டுலயே ஃபோகஸ் வச்சுப் பூட்டுங்க.

தேரிமணல்:
வெப்பக் கேமரா வச்சிருக்கவங்க இந்த இழையைப் படிச்சுட்டு +2 கண்ணாடி மாட்டிராதீங்க. 8 முதல் 14 மைக்ரான் அலைக்குக் கண்ணாடி சுவரு மாதிரி, திரையில உங்க முகச்சூடுதான் தெரியும். அதுக்கு லேசர் வெட்டு மெசின்ல வருத துத்தநாக செலினைடு லென்ஸ் போடணும்.

மட்டுறுத்துநர்:
களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பக எல்லைக்குள் அனுமதியில்லாமல் இரவில் நுழைவது குற்றம். 1972 வனஉயிரினச் சட்டப்படி வேட்டை தடை. இந்தக் கருவிகளைத் துப்பாக்கியில் பொருத்துவது பற்றிய கேள்விகள் நீக்கப்படும். சொந்த நிலத்தில் காவல், பறவை பார்த்தல், வானம் பார்த்தல் பற்றித் தாராளமாகப் பேசலாம்.

களக்காட்டு வாழை:
காவல்தான் அண்ணாச்சி, தகரம் தட்டி விரட்டுததோட சரி. 4, 6, 10 மூணு தகடும் வெட்டக் குடுக்கப் போறேன். நிலா இருக்கப்ப வெளி வரப்புல 4 அல்லது 6, வாழைக்குள்ள 4-ம் ஐ-ஆர் டார்ச்சும், அமாவாசையில வேலி பாக்க முழு வாயி. சரிதானா? 8 மீட்டர், 6 மீட்டருக்கு ஃபோகஸ் வைக்கணும்னு சொன்னீங்களே, தகட்டைப் போட்டுட்டு எப்படி அந்த இடத்தைப் பிடிக்க?

கடையம் கண்ணாடி:
திட்டம் சரி. தகட்டைப் போட்டுவிட்டுப் பிடிக்க முடியாது. தேரிமணல் ஊசித்துளைக்குச் சொன்னதேதான் இங்கேயும். தகட்டைக் கழற்றி, முழு வாயில், டேப் வைத்து அளந்த 6 மீட்டரில் ஒரு தென்னையில் செய்தித்தாளை ஒட்டி எழுத்து விளிம்பு கூர்மையாகும்வரை திருகுங்கள். ரிங்கிலும் உருளையிலும் சேர்த்து ஒரு கோடு கீறுங்கள். 8.2, 12 மீட்டருக்கும் அப்படியே. 12 எதற்கென்றால், 10 மி.மீ. தகட்டில் ஃபோகஸை அங்கே வைத்தால் 7 முதல் 40 மீட்டர் தெளியும். இருட்டில் கோடு தெரியாது, அதனால் விரலுக்குத் தட்டுப்படும்படி ஃபெவிகுவிக் துளி வைத்துக்கொள்ளுங்கள். 6-க்கு ஒன்று, 8-க்கு இரண்டு, 12-க்கு மூன்று.

நயினார்குளத்து வக்கா:
டார்ச்சு எங்க பிடிக்கணும்னும் சொல்லிருதேன். கருவிக்குப் பக்கத்துலயே மாட்டாதீங்க. பனிப்புகையும் கொசுவும் நேரா வெளிச்சத்தைத் திருப்பி அடிச்சுப் படமே வெளுத்துப் போகும். இடுப்பு மட்டத்துல, கருவிக்கு ஒரு முழமாவது தள்ளி, ஒளிக்கற்றையை அகலமா விரிச்சுக் கீழ சாய்ச்சுப் பிடிங்க. சாய்வா விழுத வெளிச்சத்துல வரப்புப் பள்ளமும் நிழலோட தெரியும். வாழைத்தண்டு கிட்ட இருந்தா அதுல நேரா அடிக்காதீங்க. டியூப் தன்னைக் காப்பாத்திக்க ஒளியைக் குறைச்சுரும், அந்த நேரம் வேலி மறைஞ்சு போகும். 850 டார்ச்சு முகப்பு மங்கின சிவப்பா மினுங்கும், நேரா வேலிப் பக்கம் காட்ட வேண்டாம்.

பேட்டை லேத்து:
தம்பி, வளையத்துல ஒரு சின்னக் காது விடச் சொல்லி, அதுல நரம்பு கட்டி கருவியோட சேத்துக் கட்டிரும். வாய்க்காலுக்குள்ள விழுந்தா கறுப்பு வளையத்தை எந்தக் கருவி வச்சும் தேட முடியாது.